ஏழாவது படத்துக்கும் எட்டாவது படத்துக்கும் நடுவே

ஜூன் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சௌக்கியம். நீங்கள், வயிற்றிலிருக்கும் குட்டி, அண்ணன் மூவரும் எப்படி? இந்த வரிசையில்தான் கேட்பேன். அண்ணன் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

நாடகக் குழுவோடு கிளம்பிப் பதினெட்டு நாள் ஆகிறது. ஆட்கள் பதினொரு பேர், விளக்குகள் இருபத்து நான்கு, வேன் ஒன்று. விளக்குகள் சொகுசாக சீட்டில் உட்கார்ந்து வருகின்றன. நாங்கள் இடுக்கில் சொருகிக்கொள்கிறோம். என் வேலை பதினாறு அடி ஏணியின் உச்சியில். விளக்கைத் திருப்பி, கலர்த் தாளைச் செருகி, திருகை இறுக்கிவிட்டு இறங்குவதற்குள் கீழே யாராவது "என் மூஞ்சில வெளிச்சமே விழல!" என்று கத்துவார்கள். எங்கள் தலைவரை எல்லோரும் 'அமைதி' என்று கூப்பிடுகிறோம். நாள் முழுக்க அவர் தொண்டை கிழியக் கத்துகிற ஒரே வார்த்தை அதுதான்.

நீங்கள் கொடுத்தனுப்பிய ஐந்து டப்பா கேமராவில் ஒன்று முடிந்துவிட்டது. இருபத்தேழு படம் எடுத்தால் அதன் ஆயுசே முடிந்தது, டப்பாவோடு கடைக்குத்தான் போக வேண்டும் என்பது எனக்கு இன்னும் அதிசயமாக இருக்கிறது. சுருளை நகர்த்தும் சக்கரத்தைக் கட்டைவிரலால் தள்ளும்போது கர் கர் என்று ஒரு சத்தம் வருமே, அது வந்தாலே குழுவில் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டுத் தலையைத் தடவிக்கொள்கிறார்கள்.

அண்ணனிடம் சொல்லுங்கள், அவர் போட்ட நிபந்தனை நிறைவேறியது. "மாசம் ஒரு ரோல் வரணும். அதுல நீ தலையிலேர்ந்து கால் வரைக்கும் முழுசா நிக்கற படம் ஒண்ணு இருக்கணும். இல்லேன்னா நானே வந்து கையோட கூட்டிட்டு வந்துடுவேன்" என்றாரே. முழுசாக நிற்கிறேன். ஏணியிலேயே நிற்கிறேன். பார்த்து வயிறெரியட்டும்.

உங்கள்
வாலு


ஜூன் 14

அன்புள்ள வாலு,

இங்கே நாங்கள் மூவரும், நீ கேட்ட அதே வரிசையில், நலம். நாலாவது மாதம் முடிகிறது. கனமான எதையும் தூக்காதே, பஸ் ஏறாதே, பதறாதே என்கிறார் டாக்டர். முதல் இரண்டையும் கேட்டுக்கொள்கிறேன். மூன்றாவதை உன் கையில் விட்டிருக்கிறேன். முன்பு இரண்டு தடவை கைநழுவிப் போனதால் இந்த முறை எங்கள் போட்டோக் கடை முதலாளிக்கே பயம். பிரிண்ட் மெஷின் பக்கத்தில் சாய்வு வைத்த நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார். அவர் உட்காரும் நாற்காலிதான். அவர் இப்போது ஸ்டூலில்.

உன் ரோலை நானே கழுவி நானே பிரிண்ட் போட்டேன். இருபத்தேழில் ஆறு படத்தில் உன் விரல் இருக்கிறது. நான்கில் விரல் மட்டும்தான் இருக்கிறது. யாரோ ஒருவரின் காதை நாலடிக்கும் கிட்டத்தில் போய் மங்கலாக எடுத்திருக்கிறாய். அது காதா, பன்னா என்று முதலாளிக்கும் எனக்கும் வாக்குவாதம். மற்றதெல்லாம் அழகு. அந்தக் கத்தரிப்பூ நிற வெளிச்சத்தில் நிற்கும் பெண்ணின் படத்தை ஷோகேஸில் மாட்டிவிட்டார் முதலாளி.

உங்க அண்ணன் ஏணிப் படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். "செருப்பு தேஞ்சிருக்கு, பாரு" என்றார். அவ்வளவுதான் விமர்சனம். அவர் ஏழு மாடி லிஃப்ட் குழிக்குள் இறங்கிப் பழுது பார்ப்பார், தங்கை ஏணி ஏறினால் மட்டும் நெஞ்சு அடைத்துவிடும். அப்பா அம்மா போன பிறகு உன்னை வளர்த்தவர், அப்படித்தான் இருப்பார். படத்தை ஸ்பானர் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கிறார். நான் பார்க்கவில்லை என்று நினைப்பு.

அடுத்த ரோலை எதிர்பார்க்கிறேன். விரலை வீட்டில் வைத்துவிட்டு எடு.

அன்புடன்
அண்ணி


ஜூலை 22

அன்புள்ள அண்ணிக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். நான் நலம். குழு நலம். ஏணியும் நலம். குட்டி உதைக்க ஆரம்பித்துவிட்டதா?

ஒரு பெரிய அரங்கத்துக்கு வந்திருக்கிறோம். உயரமான ஜன்னல்கள், வெள்ளைச் சுவர்கள். இங்கே சில நாள் தங்கல். புது நாடகம் ஒன்று தயாராகிறது, அதற்குப் புது நடிகர்கள் சேர்ந்திருக்கிறார்கள். ராஜா வேடம் போடுபவர் அசல் வாழ்க்கையில் ரயில்வே டிக்கெட் கவுண்டரில் இருக்கும் அம்மாள். கண் மையில் மீசை வரைந்துகொண்டு "அடுத்தது யார்?" என்று ஒரு குரல் கொடுத்தால் அடுத்த கட்டடம் வரை வரிசை நிற்கும். மகாராணி ஒரு கணக்கு டீச்சர். தளபதி இன்னும் கிடைக்கவில்லை.

இத்துடன் இரண்டாவது டப்பா. என் முழு உருவப் படம் முதல் ஏழுக்குள் இருக்கும். பிறகு எடுக்கவில்லை. எனக்குக் கேமரா பிடிக்க ஆள் கிடைக்கவில்லை. எல்லோருக்கும் கை ஒழியவில்லை.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. அண்ணனுக்கு என் அன்பு. நீங்கள் வெயிலில் நடக்க வேண்டாம்.

உங்கள்
வாலு


ஜூலை 31

அன்புள்ள வாலு,

குட்டி உதைக்கிறது. முக்கியமாக நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததிலிருந்து.

ரோல் வந்தது. நெகட்டிவ் பட்டையில் படங்கள் எடுத்த வரிசையிலேயே இருக்கும், தெரியுமல்லவா? முதல் ஏழு படம் மேடை, விளக்கு, வேன், நீ. எட்டாவதிலிருந்து வேறு உலகம். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே நெகட்டிவில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளிதான். அதற்குள் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது.

நின்றுகொண்டு படம் எடுத்தால் கேமரா எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்கும். எட்டாவது படத்திலிருந்து எல்லோரும் உன்னைக் குனிந்து பார்க்கிறார்கள். எல்லோருடைய மூக்குத் துவாரமும் தெரிகிறது. தரையிலிருந்து இரண்டரை அடி, அதற்கு மேல் கேமரா எழும்பவே இல்லை. எல்லாப் படத்திலும் அதே ஜன்னல், அதே மூலையில். நீ குள்ளமாகிவிட்டாயா, உட்கார்ந்துவிட்டாயா, படுத்துவிட்டாயா?

ராஜாவின் மேலங்கி பிரமாதம். ஆனால் அதன் ஓரத்தில் நீல மையில் '14' என்று குத்தியிருக்கிறது. அவர் பிடித்திருக்கும் ஈட்டியின் நுனியில் ஒரு கொக்கி. அந்தக் கொக்கியில் குளுக்கோஸ் பாட்டில் மாட்டுவார்கள். போன இரண்டு தடவையும் என் தலைமாட்டில் அதுதான் நின்றுகொண்டிருந்தது, வாலு. அதை எந்த வேஷத்தில் பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

உங்க அண்ணனிடம் முதல் ஏழு படத்தை மட்டும் காட்டினேன். மற்றது வெளிச்சம் பட்டுக் கெட்டுவிட்டது என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது. அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். மீதி இருபது படம் கடையில் என் மேஜை டிராயரில் இருக்கிறது.

பதறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நிஜத்தைச் சொன்னால் பதற மாட்டேன். நீயாக மறைத்தால்தான் இரண்டு மடங்கு கற்பனை செய்வேன். உடனே எழுது.

அண்ணி


ஆகஸ்ட் 8

அண்ணி,

உங்களை ஏமாற்றப் பார்த்தேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஜூலை இரண்டாம் தேதி. பழைய அரங்கம், மரத் தரை. ஏணியின் ஒரு கால் பலகைக்குள் இறங்கிவிட்டது. பத்தடி உயரத்தில் இருந்தேன். வலது தொடை எலும்பு இரண்டு துண்டு. கேமரா என் சட்டைப் பையில் இருந்தது, அதற்கு ஒரு கீறல்கூட இல்லை. 'நல்ல கேமரா கொடுத்தால் கீழே போட்டு உடைப்பாய்' என்று சொல்லி டப்பா கேமராவைக் கொடுத்தீர்களே, அது நன்றாக இருக்கிறது. நான்தான் உடைந்தேன்.

காலைத் தூக்கிக் கட்டி, நுனியில் எடை தொங்கவிட்டிருக்கிறார்கள். எலும்பு நேராகக் கூடுகிறது என்கிறார் டாக்டர். இன்னும் மூன்று வாரம் இப்படி, பிறகு நடைப் பழக்கம். குழு அடுத்த ஊருக்குப் போயாக வேண்டியிருந்தது. அமைதி என் கட்டிலருகே நின்று சத்தமே இல்லாமல் அழுதார். அவர் சத்தமில்லாமல் செய்த முதல் காரியம் அது.

ஏன் சொல்லவில்லை? நீங்கள் கேட்டவுடன் பஸ் ஏறிவிடுவீர்கள். இன்னொன்று அண்ணன். வந்து கூட்டிப்போய்விடுவார். அப்புறம் ஏணி என்ற வார்த்தையே வீட்டில் இருக்காது. வலியைக்கூடத் தாங்கிவிட்டேன் அண்ணி, அந்த நினைப்பைத் தாங்க முடியவில்லை.

முதல் பத்து நாள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பதினோராவது நாள், பையில் பாதி மிச்சமிருந்த கேமராவை எடுத்துச் சும்மா சக்கரத்தைத் தள்ளினேன். கர் கர். மூன்றாம் கட்டில் டிக்கெட் அம்மாள் போர்வையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "என்னைய எடுக்கறதா இருந்தா ராஜா மாதிரி எடு. இப்படி நோயாளி மாதிரி எடுக்காத" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. இப்போது வார்டே நாடகக் கம்பெனி. நான் படுத்தபடியே இயக்குநர்.

நர்ஸம்மா நேற்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "இது ஆஸ்பத்திரியா, கொட்டகையா?"

"ரெண்டும்தான் சிஸ்டர். இங்கயும் எல்லாரும் நல்லா இருக்கற மாதிரிதானே நடிக்கறோம்?"

சிரித்துவிட்டு, தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "சரி, என்னையும் ஒண்ணு எடு" என்றார்.

அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள். காலில் விழுகிறேன் என்று எழுதலாம், ஆனால் இப்போதைக்கு விழக்கூடாதாம்.

வாலு


ஆகஸ்ட் 16

வாலு,

கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் அழுதேன், பிறகு திட்டினேன், பிறகு பசித்தது. எனவே நான் நலம்தான்.

உன்னைப் பார்க்க வர முடியவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. ஒரு வாளி தண்ணீர் தூக்கித் தர, தலை சீவிவிட, பக்கத்தில் உட்கார்ந்து திட்ட ஆள் வேண்டாமா உனக்கு? என்னால் அனுப்ப முடிந்ததை அனுப்புகிறேன். இந்தப் பார்சலில் ஆறு கேமரா இருக்கின்றன.

முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லித்தான் வாங்கினேன். தேதி முடிய இரண்டு மாதமே இருக்கும் சரக்கு அலமாரியில் கிடந்தது. "தேதி தாண்டிட்டா கலர் கொஞ்சம் வெளுக்கும்" என்றார். "அங்க எல்லாருமே வெளுத்துப் போய்த்தான் இருக்காங்க. நீங்க குடுங்க" என்றேன். கொடுத்தார். வார்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரிண்ட் போட்டு அவரவர் வீட்டுக்கே நான் அனுப்பிவிடுகிறேன், விலாசம் வாங்கி எழுது. எல்லோரும் வீட்டில் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

என் நிபந்தனைகள். ரோலுக்கு ஒரு படம் உன் காலுடையது, உள்ளது உள்ளபடி. எழுந்து உட்கார்ந்ததும், எழுந்து நின்றதும், அந்தந்த உயரத்திலிருந்து ஒரு படம். உன் வார்த்தையை இனி நம்ப மாட்டேன். கேமரா எத்தனை அடியில் இருக்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

உங்க அண்ணன் நேற்று, "அந்த இருபது படமும் ஒண்ணு மிச்சமில்லாம கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். நான் பொத்தானைப் பார்த்தேன். அவரும் தன் பொத்தானைப் பார்த்துக்கொண்டார்.

அண்ணி


செப்டம்பர் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் எப்படி? குட்டி எப்படி? எனக்குச் சொல்ல அவ்வளவு இருக்கிறது, விசாரிப்பைச் சுருக்கிக்கொள்கிறேன்.

எடையை அவிழ்த்துவிட்டார்கள்! முதலில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தேன். நான்கு நாள் கழித்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு மாதமாக மூக்குத் துவாரம் மட்டும் தெரிந்தவர்களின் நெற்றியைப் பார்த்தேன். நர்ஸம்மா என்னைவிடக் குள்ளம்! எனக்கு இது தெரியவே தெரியாது. அவருக்கும் அதிர்ச்சி.

போன சனிக்கிழமை மாலை நாடகம் போட்டோம். மேஜை விளக்கைப் பாட்டில் மாட்டும் கம்பியில் கட்டி, சாக்லேட் சுற்றும் கலர்த் தாளை ஒட்டி வெளிச்சம் செய்தேன். ராஜாவுக்குச் சிவப்பு, மகாராணிக்கு மஞ்சள். திரைதான் இல்லை. ஒன்பதாம் கட்டிலில் ஒரு தையல்காரம்மா. கை முறிந்து வந்தவர், வந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்தே படுத்திருந்தார், யாரோடும் பேச்சில்லை. இந்தக் கை இனி மெஷினில் ஓடுமா என்ற பயம். டிக்கெட் அம்மாள் அவர் கட்டிலுக்குப் போய், இரண்டு போர்வையை நீட்டி, "இதைச் சேத்துத் தைக்கணும். எங்க யாருக்கும் ஊசில நூல்கூடக் கோக்கத் தெரியாது" என்றார்.

அவர் திரும்பவில்லை. "ஒரு கைதான் இருக்கு" என்றார்.

"எங்ககிட்ட ரெண்டு கை இருந்தும் தெரியலயே."

தையல்காரம்மா போர்வையை இழுத்துக்கொண்டார். மகாராணி துணியைப் பிடிக்க, இடது கையாலேயே தைத்தார். தையல் பாம்பு போல வளைந்திருக்கும், படத்தில் பாருங்கள். திரை விலகியதும் முதல் கைதட்டல் அவருடையதுதான். கட்டுப் போட்ட கையைத் தொடையில் தட்டிக்கொண்டார். நாங்கள் தேடிக்கொண்டிருந்த தளபதி கிடைத்துவிட்டார். அடுத்த நாடகத்தில் அவர்தான்.

ஆளுக்கு ஒரு படம்தான் என்று சொன்னதால் ஒவ்வொருவரும் காலையிலிருந்து தலை சீவிக்கொண்டிருந்தார்கள். மூன்று ரோலும் விலாசங்களும் இத்துடன். என் காலின் படமும் இருக்கிறது. அழகாக இல்லை. ஆனால் நிற்கிறது.

உங்கள்
வாலு


செப்டம்பர் 27

அன்புள்ள அண்ணிக்கு,

பதினெட்டு நாளாகப் பதில் இல்லை. பார்சல் கிடைத்ததா? வார்டில் எல்லோர் வீட்டிலிருந்தும் படம் வந்து சேர்ந்ததாகக் கடிதம் வருகிறது, அதனால் கிடைத்திருக்க வேண்டும். உறைகளில் விலாசம் எழுதியது உங்கள் கையெழுத்து இல்லை என்கிறார்கள். முதலாளி எழுதினாரா?

எனக்கு வாக்கர் போய்க் கைத்தடி வந்துவிட்டது. மாடிப்படி ஆறு ஏறினேன். இதெல்லாம் பிறகு சொல்கிறேன். ஒரு வரி எழுதுங்கள் அண்ணி. நல்லதோ கெட்டதோ, உள்ளது உள்ளபடி. நீங்களே சொல்லிக்கொடுத்ததுதானே?

வாலு


அக்டோபர் 4

அன்புத் தங்கைக்கு,

இது அண்ணன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் உன் அண்ணி திருத்தட்டும். பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள், நான் என்ன எழுதுகிறேன் என்று எட்டி எட்டிப் பார்க்கிறாள். எட்டிப் பார்க்கக்கூடாது என்பதும் டாக்டர் சொன்னதுதான்.

செப்டம்பர் பதினைந்தாம் தேதி அவளுக்குக் கொஞ்சம் சிக்கலாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு நாள் எனக்கு உயிரே இல்லை. இப்போது அவளும் குழந்தையும் பத்திரம். பிரசவம் வரை கட்டிலை விட்டு எழுந்திருக்கக்கூடாது. உனக்குச் சொல்ல வேண்டாம் என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். நேற்று உன் கடிதத்தைப் படித்த பிறகு சத்தியத்தை அவளே வாபஸ் வாங்கிக்கொண்டாள்.

இனி உன் விஷயம். அவள் வேலைக்கு வர மாட்டாள் என்று சொல்லக் கடைக்குப் போனேன். முதலாளி ஸ்டூலிலிருந்து எழுந்து முதல் கேள்வியே, "தங்கச்சி கால் எப்படி இருக்கு, எலும்பு கூடிடுச்சா?" என்றார்.

"எந்தத் தங்கச்சி? எந்தக் கால்?" என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் படம் எடுத்திருக்க வேண்டும். பிறகு டிராயரைத் திறந்து கொடுத்துவிட்டு உள்ளே போய் ஒளிந்துகொண்டார். இருபது படத்தையும் கடை வாசலில் நின்றபடியே பார்த்தேன். உறைகளில் விலாசம் எழுதியது நான்தான்.

கோபம் வந்தது. பொய் சொல்ல விரும்பவில்லை. நேராக உன் வார்டுக்கு வந்து நாலு அறை விட வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. எட்டு வருஷத்துக்கு முன், எனக்குக் கல்யாணம் ஆகாத காலம், நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். 'வெளியூரில் பெரிய லிஃப்ட், மூன்று வாரம் ஆகும்' என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினேனே, ஞாபகம் இருக்கிறதா? வெளியூரும் இல்லை, பெரிய லிஃப்டும் இல்லை. ஒரு மாடி உயரம் விழுந்து மூன்று விலா எலும்பு போயிற்று. நம் வீட்டுக்கு நாலாவது தெரு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஜன்னல் வழியாக நீ பரீட்சைக்குப் போவதை ஐந்து நாளும் பார்த்தேன்.

இதை இப்போது எழுதும்போதுதான் உன் அண்ணியிடம் சொன்னேன். அவள் சிரிக்கக்கூடாது. சிரித்துவிட்டாள். "குடும்பமே எலும்பை ஒடச்சுக்கிட்டு ஊரை ஏமாத்துதா?" என்று கேட்டு மறுபடி சிரித்தாள். நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பிவிட்டார். இது வராந்தாவில் உட்கார்ந்து முடிக்கிறேன்.

விழுந்து எழுந்த பிறகு நான் மறுபடி குழிக்குள் இறங்கினேன். அதனால் உன்னை ஏணி ஏறாதே என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் வீட்டுக்கு வா. அவள் உன்னைத்தான் தேடுகிறாள். நானும்.

அண்ணன்


அக்டோபர் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதத்தை டிக்கெட் அம்மாள் வார்டுக்கே சத்தமாகப் படித்துக் காட்டினார். விலா எலும்பு வந்த இடத்தில் எல்லோரும் உங்களுக்காக உச்சுக் கொட்டினார்கள். நான் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு கொஞ்சம் அழுதேன். நான் பரீட்சையில் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு அழுதுகொண்டே திரும்பியதையுமா பார்த்தீர்கள்?

டாக்டர் போகலாம் என்றுவிட்டார். பத்தொன்பதாம் தேதி காலை பஸ். கைத்தடியோடு இறங்குவேன், பயப்பட வேண்டாம். அண்ணியிடம் சொல்லுங்கள், தலை சீவிவிட ஆள் வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்து திட்டவும்.

வாலு


பிப்ரவரி 6

அன்புள்ள வாலு,

வீட்டில் நீ இருந்த மூன்று மாதத்தில் கடிதம் எழுதும் பழக்கமே விட்டுப்போய்விட்டது. எதை எழுதுவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். உன் மருமகள் என் மடியில். பத்து வார வயதுக்கு இந்த எடை அநியாயம் என்று தூக்கியவர்களெல்லாம் சொல்கிறார்கள். நேற்று முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். உன் படத்தைப் பார்த்து என்று எழுத ஆசை. மின்விசிறியைப் பார்த்து.

நீ கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டுக்கு அண்ணன் வரவில்லை என்று உனக்கு மனத்தாங்கல் என்று எனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை. சொன்னதைவிட நன்றாகவே தெரிந்தது. 'என்னதான் போகச் சொன்னாலும் உள்ளுக்குள் கோபம்தான்' என்று நினைத்துக்கொண்டே ஏறியிருப்பாய்.

அவர் அன்று எங்கே இருந்தார் தெரியுமா? அவர்கள் வொர்க்‌ஷாப்பில், பெல்ட் தைக்கிறவரோடு சண்டை போட்டுக்கொண்டு. லிஃப்ட் குழிக்குள் இறங்குபவர்கள் இடுப்பிலும் தோளிலும் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்பு பெல்ட் இருக்கிறதே, அதை உன் அளவுக்குச் செய்யச் சொல்லியிருக்கிறார். உன்னிடம் அளவு கேட்டால் தெரிந்துவிடும் என்று, அந்த ஏணிப் படத்தை ஸ்பானர் பெட்டியிலிருந்து உரித்துக்கொண்டு போயிருக்கிறார். "ஏணில ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவுல ஒரு அடி. அதை வெச்சுக் கணக்குப் போட்டா இவ இடுப்பு இவ்வளவு" என்று ஸ்கேல் வைத்து அளந்து காட்டினாராம். பெல்ட் தைக்கிறவர், "ஆளைக் கூட்டிட்டு வந்தா ரெண்டு நிமிஷம் சார்" என்றாராம். உங்க அண்ணன் கேட்பாரா? நீ கிளம்புவதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தார். முடியவில்லை. பஸ் போன பிறகு ஓடி வந்து, வெறும் பிளாட்பாரத்தில் பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் குழந்தையோடு நின்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"இன்னொரு அரை மணி நேரம் அந்த பஸ்ஸு நின்னிருந்தா என்னவாம்?" என்றார், பஸ்மேல் கோபமாக.

பெல்ட் இந்தப் பார்சலில் இருக்கிறது. கொக்கியை ஏணியில் மாட்டாதே, மேலே உத்தரத்தில் மாட்ட வேண்டும் என்று மூன்று தடவை எழுதச் சொன்னார். ஒரு தடவை எழுதியிருக்கிறேன், மூன்று தடவை படித்துக்கொள். அளவு சரியாக இருக்கிறதா என்று உடனே அவருக்கு எழுது. போய்ச் சேர்ந்ததாக உன் கடிதம் வரவில்லையே என்று ஏற்கெனவே ஒரு வாரமாகத் தபால்காரரை வழிமறித்துக்கொண்டிருக்கிறார்.

உன் கட்டைவிரலுக்கு என் விசாரிப்பு. அது இல்லாமல் ரோல் போரடிக்கிறது.

அண்ணி


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணி, அண்ணன், என் சிரிப்புக்காரிக்கு,

இங்கே நான் முழுசாக, எழுத்துக்கு எழுத்து உண்மையாக நலம்.

அண்ணனிடம் சொல்லுங்கள்: இடுப்பு சரி, தோள் சரி, முதுகில் மட்டும் ஒரு விரல் தளர்ச்சி. நீங்கள் போட்ட கணக்கு சரிதான் அண்ணா. அந்த ஏணிப் படம் எடுத்த பிறகு நான்தான் மெலிந்துவிட்டேன்.

நேற்று ஷோ. இந்த மாதம் முழுக்க நான் தரையிலேயே நின்று மற்றவர்களை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தேன். அமைதி ஒன்றும் கேட்கவில்லை. நேற்று மதியம் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஏணியடியில் போய் நின்றேன். குழு முழுக்க அவரவர் வேலையைப் பார்ப்பதுபோல நடித்தது. மோசமான நடிப்பு. இவர்கள் எப்படிப் பிழைக்கிறார்களோ.

நான்காம் படியில் கால் நடுங்கியது. வலது கால் இல்லை அண்ணி, இடது கால். ஒன்றும் ஆகாத காலுக்குத்தான் பயம் அதிகம். அங்கேயே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அமைதி கீழிருந்து, "இறங்கிடறியா? வேற ஆளை ஏத்தறேன்" என்று மெதுவாகக் கேட்டார். அவர் மெதுவாகப் பேசியதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நீங்க வழக்கம் போலக் கத்துங்க சார்" என்றேன். அரங்கம் அதிர "அமைதி!" என்று ஒரு கத்துக் கத்தினார். பேசிக்கொண்டிருந்தது அவர் ஒருவர்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும். சிரித்துக்கொண்டே ஐந்து, ஆறு, ஏழு என்று ஏறிவிட்டேன்.

உச்சிக்குப் போய் உத்தரத்தில் கொக்கியை மாட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். விளக்கு வெதுவெதுப்பாக இருந்தது. திருப்பினேன், தாளைச் செருகினேன், திருகை இறுக்கினேன்.

மாலை ஷோ ஆரம்பிக்கும்போதும் மேலேதான் இருந்தேன். கதவு திறந்து ஆட்கள் வந்தார்கள். முதல் வரிசையில் டிக்கெட் அம்மாள்! அவர் பக்கத்தில் தையல்காரம்மா. நான்கு மணி நேரம் ரயிலில் வந்திருக்கிறார்கள், எனக்குச் சொல்லவே இல்லை. தையல்காரம்மா வலது கையை மேலே தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துக் காட்டினார். ஐந்தும் ஓடுகிறது. நான் மேலிருந்து பெரிய விளக்கை அவர்கள் இரண்டு பேர் மேலும் ஒரு நொடி திருப்பினேன். டிக்கெட் அம்மாள் உடனே எழுந்து நின்று, நாடகத்தில் செய்தாரே அதேபோல, ராஜாவாகக் கும்பிட்டார். அரங்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கைதட்டியது.

அந்தப் படத்தை அனுப்பு என்று நீங்கள் கேட்பீர்கள். எடுக்கவில்லை அண்ணி. கேமரா சட்டைப் பையில்தான் இருந்தது. எனக்கு இரண்டு கையும் வேலையாக இருந்தது.

உங்கள்
வாலு